ஓசையை அடக்கினால் புகை எங்கே செல்லும்?

விறகடுப்பு எரியும் வீட்டிலே புகைக்கூடு அடைபட்டால் என்ன நிகழும் என்பதை யாவரும் அறிவர். மேலே செல்ல வழியில்லாத புகை அடுக்களைக்குள்ளே திரும்பி வந்து, அடுப்பின் முன் இருப்பவரின் கண்ணைக் கரிக்கச் செய்யும். இதிலே விறகின்மீது குற்றமில்லை, அடுப்பின்மீதும் குற்றமில்லை. புகை செல்லும் வழி குறுகிவிட்டது. ஆகவே அது வேறு வழி தேடிற்று.

துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியிலும் இதே செய்தியைக் காண்கிறோம். சைலன்சர் என்று பலரும் வழங்கும் ஒலியடக்கியைக் குழலின் முன்வாயிலே பூட்டியவுடன், வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி முன்னே செல்லாது, பின்னே திரும்பிச் சுடுபவரின் முகத்தை நோக்கி வருகின்றது. கைத்துப்பாக்கித் தோட்டாவைக் கொண்டு சுடும் சிறு பொறித்துப்பாக்கிகளிலே இத்தொல்லை மிகுதி. அத்தகைய கருவிகளைக் கொண்டு நாள்தோறும் பயிலும் பொலிசாருக்கும் படையினருக்கும், அவர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கும், இலக்கு நோக்கிச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டோருக்கும் இது உடல்நலம் பற்றிய கேள்வியாகும். வாயு ஏன் திரும்புகின்றது, திரும்பும் வாயுவை எவ்வாறு குறைக்கலாம் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

முதலில் இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவது பொருந்தும். இயந்திரத் துப்பாக்கியை 1884ஆம் ஆண்டில் இலண்டனில் ஆக்கியவர் ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் என்பவர். துப்பாக்கி வெடிக்கும்போது அது பின்னோக்கி உதைக்கின்றதன்றோ? வீணாய்ப் போன அவ்வுதையைக் கொண்டே வெறுந்தோட்டாவை வெளியே தள்ளவும் புதுத்தோட்டாவை உள்ளே ஏற்றவும் அவர் வழி கண்டார். ஆயினும், ஆண்டுக்கணக்காகத் தம் துப்பாக்கிகளின் முழக்கத்தைக் கேட்டதன் பயனாக அவருடைய செவிப்புலன் கெட்டது. முதுமையில் அவர் செவிடராகவே வாழ்ந்தார். அவருடைய மைந்தரான ஹைரம் பேர்சி மாக்சிம் என்பவரே துப்பாக்கி ஒலியடக்கியை ஆக்கிப் புகழ்பெற்றார். அதற்கான அமெரிக்க ஆக்கவுரிமைப் பத்திரம் அவருக்கு 1909ஆம் ஆண்டு மார்ச் 30ஆந் தேதி வழங்கப்பட்டது. வானொலிக்கும் இவருக்கும் ஓர் உறவு உண்டு. 1914இல் கிளாரன்ஸ் டஸ்கா என்பவருடன் சேர்ந்து அமெரிக்க வானொலி ஆர்வலர் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் இவரே. தந்தை முழக்கத்தைப் பெருக்கினார். மைந்தர் அதனைத் தணிக்க முயன்றார். அவர் தணித்தபோது வாயுவின் வழியும் மாறிற்று.

வெடியோசை எவ்வாறு பிறக்கின்றது? ஒன்பது மில்லிமீற்றர்த் தோட்டாவினுள் இருக்கும் வெடிமருந்து அரைக் கிராமுக்கும் குறைவானது. இப்புகையில்லா மருந்து ஒரு கிராம் எரிந்தால் ஒரு இலீற்றருக்குச் சற்றேறக்குறைய வாயு உண்டாகும். அவ்வளவு வாயுவும் ஒரு சிறு விரலளவு இடத்துள் கொதித்தெழும்போது, அங்குள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 2,000 மடங்குக்கு மேல் உயர்கின்றது. குண்டு கைத்துப்பாக்கிக் குழலைக் கடப்பதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. குண்டு வெளியேறும் கணத்திலும் அதன் பின்னே உள்ள வாயு வளிமண்டலத்தைப்போல் சில நூறு மடங்கு அமுக்கத்துடன் இருக்கும். அடைப்பைப் பிடுங்கிய போத்தல் ‘படக்’ என்று ஒலிப்பது போல, அவ்வாயு ஒரே பாய்ச்சலில் வெளியே பாய்வதுதான் நாம் கேட்கும் முழக்கம். குண்டு ஒலியினும் வேகமாகச் சென்றால், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்துடன் சென்றால், வழிநெடுக வேறொரு வெடிப்பொலியும் எழும். இந்த இரண்டாவது ஒலியை எந்த ஒலியடக்கியாலும் அடக்க முடியாது.

ஒலியடக்கி என்பது உள்ளே தடுப்புத்தகடுகள் நிரையாக அமைந்த ஓர் உலோக உருளை. தகடுகளின் நடுவேயுள்ள துளைகளினூடே குண்டு செல்லும். வாயுவோ தகட்டுக்குத் தகடு மோதி, சுழன்று, விரிந்து, வெப்பத்தை உலோகத்துக்கு அளித்து, இறுதியில் தளர்ந்த நடையாய் வெளியேறும். 160 தெசிபெல் அளவில் எழும் முழக்கம் இதனால் 130 தெசிபெல் அளவுக்கு இறங்கக்கூடும். 20 தெசிபெல் குறைந்தாலே ஒலியலையின் அமுக்கம் பத்திலொன்றாகிவிடும் என்பதை எண்ணினால், இது எத்துணைப் பெரிய நன்மை என்பது விளங்கும். 140 தெசிபெல்லுக்கு மேற்பட்ட வெடியோசை ஒருமுறை கேட்டாலும் செவிக்குக் கேடு செய்ய வல்லது என்பது மருத்துவர் கொண்ட எல்லை.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. ஒலியடக்கி வாயுவை அழிப்பதில்லை. அதைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கின்றது, அவ்வளவே. பிடித்து வைத்திருக்கும் அச்சிறு நேரத்திலே துப்பாக்கியின் பின்கதவு திறந்தால், வாயு அவ்வழியே வெளியேறுவது இயல்பு.

பின்கதவு எப்போது திறக்கின்றது என்பது துப்பாக்கியின் அமைப்பைப் பொறுத்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பயன்படுத்தும் பொறித்துப்பாக்கிகளில் எளிமையானது ‘புளோபேக்’ என்னும் முறை. இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியர் 1941 முதல் இலட்சக்கணக்கில் செய்த ஸ்டென் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. இதில் குழலின் பின்வாயை ஒரு கனத்த இரும்புக் கட்டை அடைத்து நிற்கும். அதனைச் சுருள்வில் ஒன்று முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். தாழ்ப்பாளோ பூட்டோ இல்லை. வாயு குண்டை முன்னே தள்ளும் அதே கணத்தில் வெறுந்தோட்டாவையும் கட்டையையும் பின்னே தள்ளத் தொடங்குகின்றது. கட்டையின் சடத்துவம் ஒன்றே அதைத் தாமதிக்கச் செய்கின்றது. தாழிடாத கதவை உள்ளேயிருந்து ஒருவன் தள்ள, வெளியே பாரமான நெல்மூட்டை ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருப்பதைப் போன்றது இது.

இதை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். ஏழரைக் கிராம் நிறையுள்ள குண்டு செக்கனுக்கு 360 மீற்றர் வேகத்திற் செல்கின்றது என்போம். கட்டை 600 கிராம். அதாவது குண்டைப்போல் 80 மடங்கு. ஆகவே கட்டை செக்கனுக்கு நாலரை மீற்றர் வேகத்திற் பின்னே நகரும். குண்டு குழலைக் கடக்கும் நேரத்திற் கட்டை நகர்வது ஓரிரு மில்லிமீற்றரே. ஒலியடக்கி இல்லாதபோது, குண்டு வெளியேறியவுடன் அமுக்கமும் சட்டென்று வீழ்ந்துவிடும். வெறுந்தோட்டா முழுதும் வெளிவரும்போது குழலுள் எஞ்சிய வாயு சிறிதளவே. ஒலியடக்கி பூட்டியபோதோ அமுக்கம் மெல்லவே வீழ்கின்றது. அதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. எஞ்சிய அமுக்கம் வெறுந்தோட்டாவை இன்னும் சிறிது நேரம் தள்ளுவதால் கட்டை முன்னிலும் வேகமாகப் பின்னே பாய்கின்றது. அது திறந்த இடைவெளியினூடே, உருளையுள் அடைபட்டிருந்த வாயு குழல் வழியே திரும்பிப் பாய்கின்றது. வெறுந்தோட்டா வெளியேறும் பக்கத்துளை, தோட்டாப் பெட்டியின் வாய் முதலிய சந்துகள் யாவற்றாலும் அது கசியும். இப்பக்கத்துளை பெரும்பாலான துப்பாக்கிகளில் வலப்புறமே உள்ளது. எனவே இடக்கைப் பழக்கமுடையோர் தோளிற் சாத்திச் சுடும்போது அத்துளை அவர்களின் முகத்துக்கு நேரே அமைகின்றது; மற்றவரிலும் அவர்களுக்கே துன்பம் மிகுதி.

இவ்வாயுவினால் என்ன தீங்கு என்று வினவலாம். கண்ணைக் கரிக்கச் செய்யும் அமோனியாவும், நஞ்சாகிய காபனோரொட்சைட்டும், எரியாது எஞ்சிய மருந்துத் துகள்களும் அதிலுண்டு. இவற்றினும் அஞ்சத்தக்கது ஈயம். தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில் பெரும்பாலும் ஈயச் சேர்வை ஒன்று வெடிப்பொருளாக அமைந்திருக்கும். குண்டின் உள்ளீடும் பெரும்பாலும் ஈயமே. செம்பு உறை போர்த்த குண்டுகளிலும், பலவற்றின் அடிப்பாகம் திறந்தேயிருக்கும். கொதிக்கும் வாயு அவ்விடத்தை நக்கி ஈயத்தை ஆவியாகவும் நுண்டூளாகவும் பறிக்கின்றது. மூச்சுடன் உட்சென்ற ஈயம் குருதியிற் கலந்து, எலும்பிற் படிந்து, ஆண்டுக்கணக்காக உடலில் தங்கும். நரம்பு, சிறுநீரகம், குருதி, இதயம் ஆகியவற்றை அது தாக்கும். குருதியிலே இவ்வளவு ஈயம் இருந்தாற் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. உடையிற் படிந்த தூள் வீட்டிற்குச் சென்றால் குழந்தைகளுக்கும் ஊறு செய்யும். ஆண்டில் ஒருநாள் சுடுபவருக்கு இது சிறு தொல்லையாகலாம். சுடுமிடத்தில் நாள்முழுதும் நிற்கும் பயிற்சியாசிரியருக்கோ இது தொழில்நோயாகும்.

செவிக்கும் ஒரு வஞ்சனை இதில் உண்டு. முன்வாயின் ஓசை அடங்கினும், அமுக்கம் மிகுந்த வாயு பக்கத்துளையால் வெடித்து வரும்போது ஓசை சுடுபவரின் செவியருகிலேயே எழுகின்றது. ஒலியடக்கியின் முன்னே அளந்தால் கிடைக்கும் எண்ணும், சுடுபவரின் செவியருகே அளந்தால் கிடைக்கும் எண்ணும் வேறுபடுவது இதனாலேயே. செவியைக் காக்கவென்று பூட்டிய கருவியின் பயனிற் பாதி பின்வழியாற் போய்விடலாம். ஆகையால் வாயு திரும்புவதைக் குறைப்பது நுரையீரலைக் காப்பது மட்டுமன்றி, ஒலியடக்கியின் முதல் நோக்கத்தையே நிறைவேற்றுவதுமாகும்.

இனிப் பரிகாரங்களை நோக்குவோம். அவை நான்கு வழிப்பட்டவை: பின்கதவைத் தாமதித்துத் திறத்தல், முன்வழியை அகலப்படுத்தல், உண்டாகும் வாயுவையே குறைத்தல், எஞ்சி வருவதிலிருந்து உடலைக் காத்தல்.

பின்கதவைத் திறவாமலே வைத்திருப்பது இவற்றுள் முற்றான பரிகாரம். இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியர் பயன்படுத்திய டி லைல் சிறுதுப்பாக்கி இதற்குச் சான்று. .45 அங்குலத் தோட்டாவைச் சுடும் அத்துப்பாக்கியின் பின்வாய் லீ-என்பீல்ட் துப்பாக்கியினது போன்ற தாழ்ப்பாளால் பூட்டப்பட்டிருந்தது. சுட்டவர் தம் கையாலேயே அதனைத் திறக்க வேண்டும். அவர் திறப்பதற்குள் வாயு முழுதும் முன்னே சென்றுவிடும். அதே காலத்து வெல்ரொட் கைத்துப்பாக்கியும் இவ்வாறே கையால் இயங்கியது. வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படையினர் கொண்டிருந்த ஒரு கைத்துப்பாக்கியில், மேற்சட்டம் பின்னே நகராதபடி பூட்டிவைக்கும் அமைப்பொன்று இருந்தது. இம்முறையால் வாயுவும் திரும்பாது, இரும்பு இரும்புடன் மோதும் ஓசையும் எழாது. ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் கை வேலை செய்ய வேண்டும் என்பது இதன் விலை.

தானே இயங்கும் துப்பாக்கிகளில் கதவைத் தாமதிக்கச் செய்வதற்கு எளிய வழி கட்டையின் திணிவைக் கூட்டுவது. முன் சொன்ன கணக்கில் 600 கிராமை 1,200 கிராமாக்கினால் கட்டையின் வேகம் பாதியாகும். வலுவான சுருள்வில்லும் ஓரளவு துணைசெய்யும். எனினும் தொடக்கக் கணத்திலே தடுப்பது வில்லன்று, திணிவே. பலர் வில்லை மட்டும் மாற்றிவிட்டுப் பயன் காணாது ஏமாறுவது இவ்வேறுபாட்டை அறியாமையால். திணிவைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. கனத்த கட்டை முன்னும் பின்னும் ஓடித் துப்பாக்கியைக் குலுக்கும். வலுக்குறைந்த தோட்டாவைச் சுட்டால் அது முழுத்தூரம் செல்லாது இடையிலே நிற்கவும் கூடும்.

இதனினும் நுட்பமான வழி கட்டையைப் பொறிமுறையால் தாமதிக்கச் செய்வது. 1960களில் ஜேர்மனியின் ஹெக்லர் அன் கோக் நிறுவனத்தார் ஆக்கிய எம்.பி.5 துப்பாக்கியில், இரு சிறு உருளைகள் பக்கங்களிலுள்ள பள்ளங்களிற் பொருந்தி நிற்கும். அவை உள்ளே மடங்கிய பின்னரே கட்டையின் முன்பாகம் தாராளமாக நகரலாம். பளுவான கட்டை செய்யும் வேலையை இலேசான கட்டை கொண்டு செய்யும் உபாயம் இது. 1974இல் வெளிவந்த அதன் ஒலியடக்கிய வகையில் குழலிலேயே முப்பது சிறு துளைகள் உள்ளன. வாயுவின் ஒரு பங்கு அவற்றால் முன்கூட்டியே உருளைக்குட் கசிவதால், சாதாரணத் தோட்டாவின் குண்டும் ஒலியின் வேகத்துக்குட்பட்டே செல்கின்றது. குழலும் மேற்சட்டமும் சிறிது தூரம் ஒன்றாய்ப் பூட்டுண்டு நகர்ந்து, பின்னர் பிரியும் பிரௌனிங் முறைக் கைத்துப்பாக்கிகளிலும், அத்தாமதத்தினால் வாயு திரும்புவது எளிய புளோபேக் முறையினும் குறைவு.

இரண்டாவது வழி ஒலியடக்கியைப் பற்றியது. வாயுவை மிகக் கடுமையாகத் தடுத்து நிறுத்தும் உருளை ஓசையை நன்கு அடக்கும். அதே காரணத்தால் பின்னே நன்கு தள்ளவும் செய்யும். உருளையின் கொள்ளளவு பெரிதாயின், வாயு விரிய இடங்கிடைத்து அமுக்கம் தாழும். துளை சற்று அகன்றதாயின், முன்னே செல்லும் வழி இலகுவாகும். .45 அங்குலக் குண்டுக்கென ஆக்கிய ஒலியடக்கியை ஒன்பது மில்லிமீற்றர்த் துப்பாக்கிக்குப் பொருத்துவோர் உளர். ஓசை சிறிது கூடினாலும் முகத்தில் வரும் வாயு குறைகின்றது. அண்மைக் காலத்தில், வாயுவை மோதவிட்டுத் திருப்பாமல், சுருள் வழிகளினூடே சுற்றிச்சுற்றி முன்னோக்கியே செலுத்தும் ஒலியடக்கிகளும் வந்துள்ளன. இவை திரும்பும் வாயுவைப் பெரிதும் குறைப்பவை. பாரமும் விலையும் கூடுதலாயிருப்பது இவற்றின் குறை. ஓசையை அடக்குவதில் முதலிடம் பெற்ற உருளையே எல்லாவற்றிலும் சிறந்தது என்று கொள்ளலாகாது.

மூன்றாவது வழி தோட்டாவைப் பற்றியது. ஒன்பதரைக் கிராம் நிறையுள்ள கனத்த குண்டைச் செக்கனுக்கு 300 மீற்றர் அளவிற் செலுத்தும் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்கு உட்பட்டவை. அவற்றிற்கு மருந்து குறைவாகவே வேண்டும். ஆகவே வாயுவும் குறைவு. இவ்விடத்து ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துவது நன்று. இத்தோட்டாக்களால் கட்டை மெல்லச் செல்லும் என்று பலர் நினைப்பர். குண்டின் நிறையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், கட்டை பெறும் உந்தம் ஏறத்தாழ முன்போலவே இருப்பது தெரியும். நன்மை வருவது வாயுவின் அளவு குறைவதனாலேயே. குழல் நீளமாயிருப்பதும் உதவும். வாயு குழலினுள்ளேயே விரிந்து, முன்வாயை அடையும்போது அமுக்கம் பெரிதும் தாழ்ந்துவிடும். குண்டின் அடிப்பாகமும் முற்றாக உறைபோர்த்ததாய், கேப்பில் ஈயம் இல்லாததாய் உள்ள தோட்டாக்களைத் தெரிந்துகொண்டால், திரும்பி வரும் வாயு இருந்தாலும் அதன் நஞ்சு குறையும். மருந்தின் அளவைத் தம் மனம்போல் மாற்றிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தானது. துப்பாக்கிக்கென விதித்த தோட்டாக்களுக்குள்ளேயே தெரிவு அமைய வேண்டும்.

நான்காவது வழியைப் பலர் சிறிதென்று எண்ணுவர். உடல்நலத்தைப் பொறுத்தவரை அதுவே பெரிது. கண்ணாடி அணிவது கட்டாயம். ஒலியடக்கி இருப்பினும் செவிக்காப்பை நீக்கலாகாது. கட்டையில் எண்ணெயை மிதமாகவே இடவேண்டும். மிகுந்த எண்ணெய் வாயுவுடன் கலந்து முகத்திற் தெறிக்கும். புகைக்கரி விரைவிற் படிவதால் துப்பாக்கியை அடிக்கடி துடைக்க வேண்டும். துடைப்பவரும் கையுறை அணிவது நலம். மூடிய சுடுமிடங்களில் காற்று சுடுபவரின் முதுகுப்புறமிருந்து முன்னோக்கி இடையறாது வீசவேண்டும். தரையை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் ஈயத்தூள் மீண்டும் காற்றில் எழும். ஈரத்துணியால் துடைப்பதே தகும். சுட்டபின் கையையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணலாகாது. அணிந்த உடையை வேறாக வைத்துத் துவைக்க வேண்டும். பயிற்சியாசிரியர்கள் காலந்தோறும் குருதியிலுள்ள ஈயத்தை அளவிடச் செய்வது அவசியம்.

இவ்வழிகளுள் ஒன்றையே பற்றி நிற்பவர் முழுப்பயன் அடைவதில்லை. கனத்த கட்டை, வழிவிடும் ஒலியடக்கி, குறைந்த வாயுவுள்ள தோட்டா என்பவை ஒன்றோடொன்று இசைய அமையும்போதே முகத்தில் மோதும் புகை அடங்குகின்றது. ஒன்றை மாற்றியபின் மற்றவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாரமாகவோ பணமாகவோ ஓசையாகவோ ஒரு விலை உண்டு. அவ்விலையுள் எதைக் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து முடிவுசெய்வது கருவியை ஆள்வோரின் பொறுப்பு. சுடுமிடத்தில் நாள்தோறும் நின்று பிறருக்குக் கற்பிப்பவரின் மூச்சை மட்டும் அவ்விலையாகக் கொடுத்தல் தகாது.